பெயர் தராத கணக்கும் பெயரற்ற கல்லறையும்: கும்மிடிப்பூண்டி வட்டாரக் குடும்ப வரலாற்றுத் தேடல் குறித்து ஒரு கருத்துரை

ஆய்வுச் சுருக்கம்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடபகுதியில் எளிய குடும்பங்களின் முன்னோரைத் தேடுவோர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கல்லறை, உறவினர் நினைவு ஆகிய மூன்று சான்றுகளை நாடுகின்றனர். முதலிரண்டும் இம்மக்களின் பெயர்களைப் பெரும்பாலும் தருவதில்லை. மூன்றாவது தருகிறது, ஆயினும் அதனைச் சான்றாக ஏற்பதில் ஆய்வுலகம் தயக்கம் காட்டுகிறது. சுவடிப் பதிப்பில் தமிழறிஞர் கைக்கொண்ட பாட ஒப்பீட்டு முறையை உறவினர் நினைவுக்கும் பொருத்த வேண்டும். அதனையும் காலந்தாழ்த்தாது செய்ய வேண்டும் என்பது இக்கருத்துரையின் நிலைப்பாடு.

திறவுச்சொற்கள்: குடும்ப வரலாறு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கல்லறை, வாய்மொழி நினைவு, பாடவேறுபாடு, கும்மிடிப்பூண்டி

முன்னுரை

என் தாத்தாவைப் பெற்ற தாய்க்கு என்ன பெயர் என்னும் வினாவை மூன்றாண்டுகளுக்கு முன் எங்கள் ஊரில் ஒரு காரிய வீட்டில் கேட்டேன். மூத்த அத்தை ஒரு பெயரைச் சொன்னார். இளைய அத்தை உடனே மறுத்தார். அது அந்த அம்மாளுடைய மாமியாரின் பெயர் என்றும், அவர் பெயர் வேறு என்றும் கூறினார். இருவரும் தத்தம் நிலையில் உறுதியாக இருந்தனர். தாத்தாவின் பெயரிலுள்ள பட்டாவில் அவர்தம் தந்தையின் பெயர் உண்டு. தாயின் பெயர் இல்லை. ஊர்ச் சுடுகாட்டில் அவர் புதைக்கப்பட்ட இடம் வேலிக் கருவேலத்தின் தென்புறம் என்பதில் எல்லோரும் ஒத்திருந்தனர். அங்குக் கல்லொன்றும் இல்லை. நான்கு தலைமுறைக்கு முன் வாழ்ந்த ஒரு பெண்ணின் பெயரை உறுதிசெய்ய, முதுகலையும் ஆய்வியல் நிறைஞரும் முடித்து முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருக்கும் எனக்கு, கற்ற ஆய்வுநெறி எதுவும் உடனடியாக உதவவில்லை. இக்கருத்துரை அவ்விடர்ப்பாட்டிலிருந்து பிறந்தது. இது தனிக்குடும்பத்தின் சிக்கல் மட்டுமன்று என்பதைப் பின்வரும் பகுதிகள் காட்ட முயல்கின்றன.

கணக்கெடுப்பு தருவதும் தராததும்

சென்னை மாகாணத்தில் 1871ஆம் ஆண்டிலும், பிரித்தானிய இந்தியா முழுமைக்கும் ஒரே காலத்தில் 1881ஆம் ஆண்டிலும் கணக்கெடுப்பு நிகழ்ந்தது. அதன்பின் பத்தாண்டுக்கு ஒருமுறை தொடர்ந்தது. கணக்கெடுப்பாளர் வீடுதோறும் சென்று ஆள்தோறும் விவரம் எழுதினர். 1901ஆம் ஆண்டு முதல் ஒவ்வோர் ஆளின் விவரத்தையும் தனித் துண்டுச்சீட்டில் பெயர்த்தெழுதி, சீட்டுகளை வகைபிரித்து எண்ணும் முறை நடைமுறைக்கு வந்தது. எண்ணி முடிந்தபின் அச்சீட்டுகளைப் பேண வேண்டிய தேவை அரசுக்கு இருக்கவில்லை. அச்சேறிய பெருந்தொகுதிகளில் எஞ்சியவை எண்களே.

1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம் இந்நிலையை மேலும் இறுக்கமாக்கியது. அதன் 15ஆம் பிரிவின்படி, கணக்கெடுப்பு ஏடுகளைப் பார்வையிடும் உரிமை எவர்க்கும் இல்லை. அவற்றிலுள்ள பதிவை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்டவும் இயலாது. இங்கிலாந்தில் நூறாண்டு கழிந்தபின் வீட்டுவாரி ஏடுகள் திறக்கப்படுகின்றன. 1921ஆம் ஆண்டு ஏடுகள் 2022 சனவரியில் வெளிவந்தன. அமெரிக்காவில் 72 ஆண்டு என்பது வரையறை. 1950ஆம் ஆண்டு ஏடுகள் 2022 ஏப்ரலில் வெளிவந்தன. அந்நாடுகளில் எழுதப்பட்ட குடும்ப வரலாற்று வழிகாட்டி நூல்கள் கணக்கெடுப்பை முதற்படியாகக் காட்டுவதற்கு இதுவே காரணம். அந்நூல்களைப் படித்துவிட்டு இங்கு ஆவணக் காப்பகத்திற்குச் செல்லும் ஆய்வாளர் வெறுங்கையோடு திரும்புவார்.

இந்த மறைப்பை நான் குறைகூறவில்லை. தம்மைப் பற்றிய உண்மையை அஞ்சாது சொல்ல மக்களுக்கு அது காப்பளிக்கிறது. 2027ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சாதி விவரமும் கேட்கப்படவிருக்கும் நிலையில் அக்காப்பு இன்னும் இன்றியமையாதது. சொல்ல வருவது வேறு: கணக்கெடுப்பு நமக்கு முன்னோரைத் தராது, முன்னோர் வாழ்ந்த ஊரைத் தரும். 1931 வரையிலான தொகுதிகளில் சாதிவாரிப் பட்டியல்கள் உள்ளன. 1951 முதல் வெளிவந்த மாவட்டக் கையேடுகள் ஊர்வாரியாக மக்கள்தொகையும் தொழிலும் தருகின்றன. 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பையொட்டிப் பி. கே. நம்பியார் பொறுப்பில் சென்னை மாநிலத்திற்கு வெளிவந்த தனியூர் ஆய்வுநூல்கள் வீடு, உடை, சடங்கு, கடன் வரை விரித்துரைக்கின்றன.

இத்தொகுதிகளை இவ்வட்டாரத்திற்குப் பயன்படுத்துவோர் எல்லை மாற்றங்களை நினைவிற்கொள்ள வேண்டும். கும்மிடிப்பூண்டி முன்பு செங்கல்பட்டு மாவட்டத்துப் பொன்னேரி வட்டத்தில் அடங்கியிருந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த எல்லை மாற்றத்தால் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதற்கு ஈடாகப் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களைச் சேர்ந்த சத்தியவேடு பகுதி ஊர்கள் ஆந்திரத்திற்குச் சென்றன. திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல். ஆகவே, அண்ணன் தம்பி இருவர் நான்கு கல் தொலைவில் வாழ்ந்திருப்பினும், 1951இல் ஒரே மாவட்டக் கையேட்டிலும் 1961இல் இரு மாநிலங்களின் தொகுதிகளிலுமாகக் கணக்கிடப்பட்டிருப்பர். இதனை அறியாதவர், ஒரு குடும்பக் கிளை மறைந்துவிட்டது எனத் தவறாக முடிவுசெய்ய நேரும்.

பெயர் தாங்கிய பிற ஆவணங்கள் உண்டு. பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேடு ஆகியன தந்தை பெயரோடு நிலவுடைமையாளரைக் குறிக்கின்றன. நிலமற்றோர் அவற்றில் இடம்பெறுவது அரிது. சென்னை மாகாணத்து 1899ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்கீழ் ஊர்ப்புறத்தில் எழுதப்பட்ட பதிவேடுகளில் பிள்ளையின் பெயர் எழுதப்படாது ‘ஆண்’, ‘பெண்’ என்று மட்டும் அமைந்த பதிவுகள் பல. வாக்காளர் பட்டியலும் விதிவிலக்கன்று. முதற் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது, இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றன்றித் தம் பெயரைச் சொல்லாத ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். அவர்களுள் மிகப்பலர் வடமாநிலத்தவர். ஆயினும், பெண்ணின் பெயர் ஆவணத்தில் தங்காமை என்னும் இயல்பு நம் பட்டாவிலும் காணக்கிடைப்பதே.

இரு வகைக் கல்லறைகள்

கும்மிடிப்பூண்டியிலிருந்து கிழக்கே, ஏரிக்கும் கடலுக்கும் இடையில் அமைந்தது பழவேற்காடு. டச்சுக் கிழக்கிந்தியக் குழுமம் அங்கு 1613இல் கெல்திரியா கோட்டையை எழுப்பியது. அங்குள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. உள்ளே 17ஆம் நூற்றாண்டுக் கல்லறைகளின் மீது பெயர், நாள், குலச்சின்னம் ஆகியன இன்றும் படிக்கத்தக்க நிலையில் உள்ளன. இந்தியத் தொல்லியல் துறை அதனைக் காத்து வருகிறது. அலெக்சாண்டர் ரீ 1897இல் சென்னை மாகாணத்து டச்சு நினைவுச்சின்னங்களைப் பற்றித் தனிநூல் வெளியிட்டார். சூலியன் சேம்சு காட்டன் 1905இல் மாகாணத்துக் கல்லறை எழுத்துகளைத் தொகுத்து அட்டவணையாக்கினார். முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பழவேற்காட்டில் இறந்த டச்சு வணிகன் ஒருவனின் பெயரை இன்று ஒரு மணிநேரத்தில் கண்டறியலாம். அவ்வணிகனுக்குத் துணி நெய்தவரின், படகு வலித்தவரின் பெயரைக் கண்டறிய வழியில்லை.

கல்லில் பெயர் எழுதுதல் தமிழர்க்கு அயலானதன்று. நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் காட்சி முதல் வாழ்த்து ஈறாக ஆறு நிலைகளில் வகுத்துரைக்கிறது. ஆனால் அந்நடுகல் மரபு வீழ்ந்த வீரனுக்கு உரியது. நோயிலும் மகப்பேற்றிலும் முதுமையிலும் இறந்தோர்க்கு மண்மேடு, தலைமாட்டில் ஒரு கல், நாய்நரி தோண்டாதிருக்க முள் என்பதே வழக்கம். சில மழைக்காலங்களில் மேடு தரையோடு ஒன்றிவிடும். அதே இடத்தில் மற்றொருவரைப் புதைப்பதும் உண்டு. புதைக்குமிடத்தையும் ‘சுடுகாடு’ என்றே வழங்கும் இவ்வட்டாரத்தில், அவ்விடமும் ஊருக்கொன்றன்று, சாதிக்கொன்று. எனவே, ஒரு சுடுகாட்டின் இருப்பிடமே அங்குப் புதையுண்டோரைப் பற்றிய முதற்சான்று ஆகிறது. இதனை ஆய்வாளர் மறைக்கலாகாது.

ஆயினும் பெயரற்ற கல்லறை வாய்பேசாத கல்லறை அன்று. மாசி மாதத்தில் சிவராத்திரியை அடுத்து நிகழும் மயானக் கொள்ளையின்போது வடமாவட்டங்களில் குடும்பத்தார் தத்தம் முன்னோர் புதையிடத்தைத் துப்புரவாக்கிப் படையலிடுகின்றனர். எவர் எந்த மேட்டின் முன் நிற்கின்றனர், எவரை எம்முறை சொல்லி அழைக்கின்றனர், இந்த ஆண்டு வராதவர் எவர் என்பன அன்று வெளிப்படும். கல்வெட்டாய்வாளர் படியெடுப்பதைப் போல, அந்நாளில் சுடுகாட்டின் வரைபடம் ஒன்றை உறவினர் துணையோடு வரைந்தால் ஓர் ஊரின் நான்கு தலைமுறை துலங்கும். நான் எங்கள் ஊரில் அவ்வாறு வரைந்தபோது 41 புதையிடங்களுக்குப் பெயர் கிடைத்தது. அவற்றுள் பெண்களுடையவை 12 மட்டுமே.

சென்றவர் பெயரும் நின்றவர் பெயரும்

1860 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘துரூரோ’ என்னும் கப்பல் நேட்டாலுக்கு ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிச் சென்றது. 1911 வரை சென்னை, கல்கத்தாத் துறைமுகங்கள் வழியாக ஏறத்தாழ 1,52,000 பேர் அங்குச் சென்றனர். அவர்களின் கப்பல் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடலிலுள்ள அடையாளம் வரை எழுதப்பட்டுள்ளன. அவை கரும்புத் தோட்ட முதலாளிக்காக எழுதப்பட்ட சரக்குப் பட்டியல் போன்றவை. அன்பினால் எழுதப்பட்டவை அல்ல. எனினும் இன்று தர்பனில் வாழும் ஒருவர், தம் முன்னோர் செங்கல்பட்டு மாவட்டத்து இன்ன ஊரினர் என அப்பட்டியலைக் காட்டிச் சொல்ல முடிகிறது. அதே ஊரில் தங்கிவிட்ட தம்பியின் வழிவந்தோர்க்கு அத்தகைய ஒரு தாளும் இல்லை. கப்பலேறியவர் தந்தை பெயரோடு பதிவானார். ஊரில் நின்றவர் கணக்கெடுப்பின் ஓர் எண்ணானார்.

இவ்விரு கிளைகளும் மீண்டும் சந்திக்க வேண்டுமாயின், கடல் கடந்த தாளுக்கு ஈடாக ஊரில் ஒன்று இருத்தல் வேண்டும். அது நினைவு ஒன்றே. ‘பாட்டனுக்குத் தம்பி ஒருத்தர் கப்பல் ஏறிப் போனவர், திரும்பல’ என்னும் ஒற்றை வரி சில வீடுகளில் இன்னும் வழங்குகிறது. அவ்வரியைச் சொல்பவர்கள் எண்பதைக் கடந்தவர்கள்.

நினைவைப் பாடமாகக் கொள்ளுதல்

நினைவு பிழைபடும் என்பது நாம் எழுப்பும் முதல் தடை. அத்தடை உண்மையே. ஆனால் ஓலைச்சுவடியும் பிழைபட்டதே. ஏடு பெயர்த்தெழுதியோர் விட்டனர், சேர்த்தனர், தமக்குத் தெரிந்த சொல்லால் தெரியாத சொல்லை நிரப்பினர். அதற்காக உ.வே. சாமிநாதையர் சுவடிகளை ஒதுக்கிவிடவில்லை. பல சுவடிகளைத் தேடி ஒப்பிட்டுச் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தார். பாடவேறுபாடு கண்டபோது நல்ல பதிப்பாசிரியர் ஒன்றை அழித்து மற்றொன்றை நிறுத்துவதில்லை. இரண்டையும் காட்டி, வேறுபாடு எவ்வாறு தோன்றியிருக்கும் என ஆராய்கின்றனர். இத்துறையில் நூற்றாண்டுப் பயிற்சி பெற்ற நாம் அதே பொறுமையை நம் பாட்டிமார்க்குக் காட்டத் தயங்குவது முறையன்று.

என் இரு அத்தையரின் முரண்பாடு இம்முறையாலேயே தெளிந்தது. சத்தியவேடு பக்கம் வாழ்க்கைப்பட்ட தாத்தாவின் தங்கை தொண்ணூறை நெருங்கியவர். பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகப் பேசுபவர். தம் தாய்க்குத் தாம் பாடிய ஒப்பாரியை அவர் நினைவுகூர்ந்தபோது, தாய்வீட்டுப் பெயர் அதில் வந்தது. அது மூத்த அத்தை சொன்ன பெயர். புகுந்த வீட்டில் மாமியார்க்கும் அதே பெயர் இருந்தமையால், மருமகளை அப்பெயரால் கூப்பிடலாகாது என வேறு பெயர் இட்டனர். அது இளைய அத்தை சொன்ன பெயர். இரு பாடங்களும் சரியானவையே. ஒன்று பிறந்த வீட்டுச் சுவடி, மற்றொன்று புகுந்த வீட்டுச் சுவடி. ஒருவரைப் பிழையென ஒதுக்கியிருந்தால் அப்பெண் தன் பெயரை இழந்த நிகழ்வே எனக்குத் தெரியாமற் போயிருக்கும்.

இவ்வட்டார நினைவைத் தொகுப்போர் கருதத்தக்க சிலவற்றைச் சுட்டலாம். முதலாவது, பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம். ‘பெயரன்’ என்னும் சொல்லே அதனைக் காட்டும். ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறையில் மீள்வதால், இருவர் செயல்கள் ஒருவர்மேல் ஏற்றப்பட்டு இடைத்தலைமுறைகள் விழுங்கப்படுகின்றன. வாய்மொழி மரபை ஆராய்ந்த யான் வான்சினா இத்தகைய சுருக்கத்தை ஆப்பிரிக்க வம்சாவளிகளில் விளக்கியுள்ளார். நம் நாட்டில் அதற்குப் பெயரிடும் மரபும் துணைசெய்கிறது. இரண்டாவது, காலக்கணிப்பு. அறுபதாண்டுச் சுழற்சியில் ‘தாது’ 1876இலும் வந்தது, 1936இலும் வந்தது. ‘தாது வருசத்துல பொறந்தவர்’ என்பதைக் கேட்டவுடன் பஞ்ச ஆண்டெனக் கொள்ளுதல் அறுபதாண்டுப் பிழைக்கு இடந்தரும். 1942 ஏப்ரலில் சப்பானியர் தாக்குதல் அச்சத்தால் சென்னை நகரத்தார் ஊர்ப்புறங்களுக்கு வெளியேறியமை போன்ற மீளாத நிகழ்வுகளோடு பொருத்துதல் பாதுகாப்பானது. மூன்றாவது, தீட்டு. இறப்பில் எவர் பங்காளியாகத் தீட்டுக் காக்கின்றனர் என்பது சொற்களைவிட உறுதியான வம்சாவளி ஆவணம். ஆயினும் அது தந்தைவழியை மட்டும் பேணும். தாய்வழியை ஒப்பாரியும் தாய்மாமன் சீரும் பேணுகின்றன. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பெருமித வம்சாவளி என்னும் இடைச்செருகல்

மற்றொரு தடை மேலும் வலியது. முன்னோரைத் தேடுதல் இந்நாட்டில் சாதிப் பெருமிதத்தின் வாயிலாக அமைந்துவிடாதா? அமைந்திருக்கிறது. தம் சாதி ஒருகாலத்தில் நாடாண்டது என நிறுவும் நூல்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எழுதப்பட்டு வருகின்றன. களப்பணியில் எனக்கும் அரச மரபுக் கதைகள் வந்தன. அவை பெரும்பாலும் கேட்பவர் கையில் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டபின் தொடங்கின; சொன்னவர் எவரிடம் கேட்டார் என்னும் வினாவிற்கு விடையின்றி நின்றன. பதிப்பியலில் இதற்குப் பெயர் இடைச்செருகல். அதனைக் கண்டறியும் நெறி நம்மிடம் உண்டு: யார் சொன்னார், யாரிடம் கேட்டார், வேறு கிளையினர் அறிவரா, எந்தக் காலத்துச் சொல்லாட்சி எனக் கேட்டல் வேண்டும். இடைச்செருகலுக்கு அஞ்சி நூலையே விலக்குதல் பதிப்பாசிரியர்க்கு அழகன்று. மேலும், அரசர்க்கு மெய்க்கீர்த்தியும் பட்டயமும் உண்டு. பாளையக்காரர்க்குக் காலின் மெக்கன்சி தொகுத்த வம்சாவளிகள் உண்டு. வம்சாவளி வேண்டா எனத் துறப்பது அவை இருப்போர்க்கு எளிது.

வழக்கு எழுமுன்

அவை இல்லாதோர் நிலை இவ்வட்டாரத்தில் நாள்தோறும் தெரிகிறது. செங்கற் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமைப்பட்டு மீண்ட இருளர் குடும்பங்கள் பழங்குடியினர் சான்று வேண்டி வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்கும்போது, தந்தையின் சான்று, நெருங்கிய உறவினர் சான்று எனக் கேட்கப்படுகின்றனர். முந்தைய தலைமுறைக்குச் சான்று வழங்கப்படாமையே அடுத்த தலைமுறைக்குத் தடையாகிறது. அவ்வலுவலகத்தில் குடும்ப வரலாறு பொழுதுபோக்கன்று. பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கை.

கும்மிடிப்பூண்டியிலும் புழலிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உள்ளன. தமிழக முகாம்களில் வாழ்வோருள் மலையகப் பூர்வீகம் உடையோரும் உண்டு. கங்காணி வழியே தேயிலைத் தோட்டம் சென்ற முன்னோர், 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். 1964ஆம் ஆண்டுச் சிறிமாவோ - சாத்திரி உடன்படிக்கை அவர்களை எண்ணிக்கையாகப் பகிர்ந்தது: 5,25,000 பேர் இந்தியாவிற்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. அங்கும் பெயரினும் எண்ணே முந்தியது. முகாமிலுள்ள இந்திய வம்சாவளியினர் சிலரின் குடியுரிமை விண்ணப்பங்களைக் கருதுமாறு சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2019இல் உத்தரவிட்டது. பாட்டனின் ஊர்ப்பெயரை நினைவில் வைத்திருப்பது எத்தகைய செல்வம் என்பதை இக்குடும்பங்கள் அறியும்.

இங்குச் சட்டத்தின் ஒரு கூறு தமிழாய்வாளர் கவனத்திற்குரியது. கணக்கெடுப்புப் பதிவைச் சான்றாக ஏற்காத அதே சட்ட ஒழுங்கு, இறந்தோரின் சொல்லை ஏற்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்து 32ஆம் பிரிவின்படி, உறவுமுறையை அறியும் தனிவாய்ப்புடைய ஒருவர் அதுபற்றிச் சொன்ன கூற்று, அவர் இறந்தபின்னும் சான்றாகும். குடும்ப வம்சாவளியிலும் கல்லறையிலும் எழுதப்பட்டதும் சான்றாகும். 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதினியமும் இவ்விதியைத் தொடர்கிறது. ஆனால் ஒரு வரையறை உண்டு: அக்கூற்று பூசல் எழுவதற்கு முன்னரே சொல்லப்பட்டிருக்க வேண்டும். அதாவது, தேவை வந்தபின் சேகரித்த நினைவு வலுவிழக்கிறது. தேவை வருமுன் எவரோ கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். அந்த ‘எவரோ’ ஏன் தமிழ்த்துறை மாணவராக இருத்தலாகாது?

முடிவுரை

சிப்காட் 1971இல் தொடங்கப்பெற்றபின் உருவான தொழிற்பேட்டைகளுள் ஒன்றாகக் கும்மிடிப்பூண்டி வளர்ந்தது. வயல்கள் மனைகளாயின; சாலைகள் அகன்றன; சுடுகாட்டுக்குச் செல்லும் பழைய வண்டிப்பாதைகள் சுற்றுச்சுவர்களில் முட்டி நிற்கின்றன. வேலை கிடைத்ததை ஊரார் குறைகூறவில்லை. நானும் அவ்வூதியத்தில் படித்தவனே. ஆனால் அடையாளம் காட்ட மரமும் வரப்பும் இல்லாதபோது, இடத்தைச் சுட்டிப் பெயர் சொல்லும் நினைவும் தடுமாறுகிறது.

ஆகவே மூன்று பரிந்துரைகள். முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் களப்பணிக் கட்டுரையாகத் தம் குடும்பத்தின் அல்லது ஊரின் ஒரு வம்சாவளியைப் பாடவேறுபாட்டுக் குறிப்புகளோடு பதிப்பித்தல் வேண்டும். அதில் பெண்களின் பெயர் தவறாது இடம்பெறல் வேண்டும். சொன்னவர் பெயர், கேட்ட நாள், அவர் அறிந்த வழி ஆகியவற்றை எழுதி, அவர் இசைவோடு துறை நூலகத்தில் பேணுதல் வேண்டும், இசைவின்றி வெளியிடலாகாது. மயானக் கொள்ளை நாளில் சுடுகாட்டு வரைபடங்களை ஆவணமாக்கல் வேண்டும்.

தாத்தாவின் தங்கை சென்ற ஆடியில் மறைந்தார். அவர் சொன்ன இரு பெயர்களும், சொன்ன நாளும் என் குறிப்பேட்டில் உள்ளன. அவரிடம் கேட்கக் குறித்து வைத்திருந்த மற்ற ஒன்பது பெயர்களுக்கு எதிரே இடம் வெறுமையாக இருக்கிறது.